ரசிகர் ஓவியத்துக்குத் தாளே தகும்

பொழுதுபோக்காகப் படம் வரையும் ரசிகர்களுக்கு உகந்தது தாளா, திரையா என்பது இன்றைய வழக்கு. தாளின் பக்கம் நின்று வாதிட வந்திருக்கிறேன். வழக்கின் எல்லையை முதலில் வகுத்துவிடுவோம். விளம்பரத்துக்கு வரைகிறவரும் அனிமேஷன் கூடத்தில் வேலை பார்க்கிறவரும் இந்த வழக்கில் இல்லை. அவர்களுக்குக் கெடு உண்டு. பத்துத் திருத்தம் கேட்கும் வாடிக்கையாளர் உண்டு. நெடுங்காலம் ‘செல்’ எனும் பிளாஸ்டிக் தகட்டில் வண்ணம் தீட்டி வந்த ஜப்பானிய ‘சசாயே-சான்’ தொலைக்காட்சி அனிமேஷன் தொடர்கூட 2013இல் முழுக்கக் கணினிக்கு மாறிவிட்டது. வாரம் தவறாமல் ஒளிபரப்பாக வேண்டிய தொடருக்கு அது நியாயம். பரீட்சை முடிந்த மாலையில் தனக்குப் பிடித்த ‘ஒன் பீஸ்’ சித்திரக்கதை நாயகன் லூஃபியை வரைய உட்காரும் மாணவிக்குக் கெடு வைத்தவர் யார்? திரையின் பெருமையாக எதிரணி அடுக்கிய வேகமும் திருத்த வசதியும் தொழிலுக்குத் தேவைப்பட்டவை. ஆசைக்காக வரைகிறவருக்கு அவற்றால் கிடைப்பது சிறிது, போவது பெரிது.

என்ன போகிறது என்று கேட்பீர்கள். ரசிகர் ஓவியத்தில் வரைபவருக்கு உரியது எது என்று எண்ணிப் பாருங்கள். லூஃபியின் வைக்கோல் தொப்பி, இடக்கண்ணுக்குக் கீழே உள்ள தழும்பு எல்லாம் ‘ஒன் பீஸ்’ படைத்த எய்ச்சிரோ ஓடா கொடுத்தவை. 1997இல் அந்தக் கதை தொடங்கியது; இன்று அவை உலகத்துக்கே தெரிந்த அடையாளங்கள். வந்தியத்தேவன் கல்கியின் பிள்ளை. பாத்திரம் இரவல், உடை இரவல், நிறம் இரவல். வரைபவரின் கை ஒன்றே இரவல் இல்லாதது. அந்தக் கை எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குப் ‘பொன்னியின் செல்வன்’ சாட்சி. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்தபோது அதற்கு மணியம் வரைந்தார். பின்னாளில் வினு, மணியம் செல்வன், பத்மவாசன் என வேறு ஓவியர்களும் அதே மாந்தர்களை வரைந்தார்கள். கதை மாறவில்லை, குந்தவையும் நந்தினியும் மாறவில்லை. ஆனாலும் பழகிய வாசகர் கையொப்பத்தை மறைத்து வைத்தாலும் இது யார் படம் என்று சொல்லிவிடுவார். கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

திரை முதலில் கைவைப்பது இந்தக் கோட்டின் மேல்தான். வரையும் செயலிகளில் ஸ்டெபிலைசர் என்றொரு வசதி இருக்கிறது. விரல் லேசாகத் தடுமாறினாலும் அது கோட்டை வழவழப்பாக்கித் தரும். கை நடுக்கம் உள்ளவர்களுக்கு அது பெரிய உதவி, மறுக்கவில்லை. கற்கும் கைக்கோ அது தன் கோடு எப்படிப்பட்டது என்பதையே காட்டாமல் மறைக்கிறது. அடுத்தது அன்டூ. புரோகிரியேட் செயலியில் இரண்டு விரலால் தட்டினால் போட்ட கோடு மறைந்துவிடும். தாடையின் வளைவை இருபது முறை போட்டு இருபது முறை அழித்து, தற்செயலாகச் சரியாக விழுந்த இருபத்தொன்றாவதை வைத்துக்கொள்ளலாம். அங்கே நடப்பது பொறுக்கி எடுத்தல். வரையக் கற்றல் வேறு. பிறகு பெரிதாக்கிப் பார்க்கும் வசதி. ஒரு கண்ணை மட்டும் திரை நிறைய விரித்து இமைமயிர் ஒவ்வொன்றாக வைப்பார்கள். சுருக்கிப் பார்த்தால் இரண்டு கண்ணும் இரண்டு முகத்துக்கு உரியவையாக நிற்கும். தாளில் முழுமுகமும் எப்போதும் கண் முன்னே இருப்பதால் இந்தப் பிழை வந்தாலும் உடனே தெரிந்துவிடும்.

“வேண்டாமென்றால் அந்த வசதிகளை அணைத்துவிடலாமே” என்றார் எதிரணித் தலைவர். நல்ல கேள்வி. ஆனால் அணைக்கத் தெரிய வேண்டுமானால், அவை இல்லாமல் தன் கை என்ன செய்யும் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுப்பது தாள். கருவிழியில் மின்னும் ஒளிப்புள்ளியைப் பென்சில்காரர் கடைசியில் எளிதாக வைக்க முடியாது. தொடங்கும்போதே அந்த இடத்தைத் தாளின் வெள்ளையாக விட்டுவைத்து, சுற்றிலும் 2பி, 6பி என்று இருட்டைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். ஒரே இடத்தில் நாலு முறை ரப்பர் போட்டால் தாளின் நார் கிளம்பி, அதன் பிறகு நிழல் திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும். 1987இல் வந்த காப்பிக் போன்ற ஆல்கஹால் மார்க்கர்களில் அழிப்பு என்ற பேச்சே கிடையாது. ஈரம் காயுமுன் அடுத்த நிறத்தைச் சேர்த்தாக வேண்டும். அதனால் தாள்காரர் கோடு போடுமுன் பார்க்கிறார், நெடுநேரம் பார்க்கிறார். தான் நேசிக்கும் ஒரு முகத்தை அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பதற்காகத்தானே ரசிகர் வரைய உட்காருகிறார்?

செலவு பற்றிய வாதம் கனமானது. எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, செயலி இலவசம், மார்க்கர் விலையோ கையைக் கடிக்கிறது என்கிறார்கள். விலை உண்மை. ஆனால் மார்க்கர்தான் வேண்டும் என்று யார் சொன்னது? சாதாரணப் பென்சிலும் வெள்ளைத் தாளும் பெட்டிக்கடையிலேயே கிடைக்கும். பால்பாயின்ட் பேனா ஒன்றாலேயே நடிகர்களின் முகத்தைத் தத்ரூபமாக வரைகிற ரசிகர்கள் நம்மிடையே உண்டு. உள்ளங்கை அகலத் திரையில் விரலால் தேய்ப்பதை விட அது கைக்கு இடம் தரும். நாலு பேர் பார்க்க வேண்டுமே என்றால், தாளில் வரைந்ததைப் போனில் படமெடுத்து அனுப்ப நொடி போதும். ரசிகர்கள் ஒன்றுகூடவும் கணினி தேவைப்படவில்லை. டோக்கியோவில் ரசிகர்கள் தாங்களே உருவாக்கிய இதழ்களை விற்கும் முதல் காமிக்கெட் சந்தை 1975 டிசம்பரில் 32 குழுக்களோடு கூடியது. அவர்கள் கொண்டுவந்தது தாளில் அச்சிட்ட இதழ்கள். படங்களைப் பகிரும் பிக்சிவ் இணையதளம் வந்தது 2007இல்தான்.

இன்னொன்றைச் சொல்லாமல் இறங்க முடியாது. 2022 நவம்பர் இறுதியில், ஓவியர்கள் பெரிதும் நம்பும் கிளிப் ஸ்டுடியோ பெயின்ட் மென்பொருளில் செயற்கை நுண்ணறிவால் படம் உருவாக்கும் வசதியைச் சேர்க்கப்போவதாக அதன் நிறுவனம் அறிவித்தது. பயனர்கள் கொதித்தெழ, சில நாள்களில் அந்த முடிவைக் கைவிட்டது. எதிர்த்தவர்கள் திரையில் வரைகிறவர்களேதாம். அவர்கள் கோபம் நூற்றுக்கு நூறு நியாயம். ஆனால் இன்று திரை ஓவியர் “இதை நான்தான் வரைந்தேன்” என்று காட்ட, வரைந்ததன் பதிவுக் காணொளியையும் சேர்த்துப் போட வேண்டியிருக்கிறது. தாளைத் திருப்பிப் பாருங்கள்: அழுத்திய பென்சிலின் தடமும் மார்க்கர் ஊறிய கறையும் பின்பக்கத்தில் இருக்கும். வேறு சாட்சி வேண்டாம்.

நடுவர் அவர்களே, தொழில் ஓவியருக்குத் திரையைத் தாராளமாகக் கொடுங்கள். ரசிகருக்குத் தன் கையை விட்டால் வேறு உடைமை இல்லை. அந்தக் கையை அப்படியே பதிவு செய்கிற தாளின் பக்கம் தீர்ப்பு வழங்குமாறு வேண்டி அமர்கிறேன்.