உழைப்பு தெரிய வேண்டும்

பட்டிமன்றம் தொடங்குவதற்குள் முடித்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். நேராகச் சம்பளத்துக்கே வருகிறேன்.

நம் பிள்ளைகள் நன்றாகத்தான் நிரல் எழுதுகிறார்கள். எழுதிவிட்டு, மேலாளர் தானாகக் கவனித்துச் சம்பளத்தை உயர்த்துவார் என்று காத்திருக்கிறார்கள். மேலாளர் நல்லவராகவே இருக்கட்டும். சம்பளம் முடிவாகும் கூட்டத்தில் உங்களுக்காக வாதாட அவர் கையில் ஏதாவது வேண்டாமா? "ராத்திரி பகலாக உழைக்கிறார்" என்பது அங்கே எடுபடாது. "பணம் செலுத்தும் பக்கம் திறக்க நான்கு நொடி ஆனது, இவர் ஒரு நொடியாக்கினார்" என்றால் எடுபடும். அந்த வரியை நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

வேலையைக் காட்டினால் என்ன கிடைக்கும் என்பதற்கு, சென்னையைச் சேர்ந்த லக்ஷ்மண் முத்தையாவைப் பாருங்கள். இன்ஸ்டாகிராமில் கடவுச்சொல் மறந்தால் ஆறு இலக்க எண் வருமே, பல ஐபி முகவரிகளிலிருந்து ஒரே நேரத்தில் எண்களை அனுப்பிப் பார்த்தால் அடுத்தவர் கணக்குக்குள் நுழைந்துவிடலாம் என்று 2019இல் கண்டுபிடித்தார். அந்த ஓட்டையைச் சொன்னதற்கு, இன்ஸ்டாகிராமின் உரிமையாளரான ஃபேஸ்புக் 30,000 டாலர் பரிசு கொடுத்தது. 2021இல், கிட்டத்தட்ட அதே மாதிரி ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 50,000 டாலர் கொடுத்தது. ஓட்டை இருக்கிறது என்று சொன்னதோடு விடவில்லை, செய்து காட்டினார்.

எச்1பி விசாவில் இருப்பவர்கள் உடனே இப்படி ஓட்டை தேடிப் பரிசு வாங்க இறங்கிவிடாதீர்கள்! வெளி வருமானம் விசாவுக்கே வினையாகலாம், வழக்கறிஞரைக் கேளுங்கள். நிறுவனத்துக்குள் காட்டவே நிறைய இருக்கிறது.

ஆதாரம் இருந்தாலும் கேட்காமல் எதுவும் வராது; புது வேலைக்குப் போகும்போதும் அப்படித்தான். இங்கே கலிஃபோர்னியாவில் 2018 முதல், பழைய சம்பளம் எவ்வளவு என்று வேலை கொடுப்பவர் கேட்கக் கூடாது. 2023 முதல், 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் விளம்பரத்திலேயே சம்பள வரம்பைப் போட வேண்டும். எச்1பி விண்ணப்பத்துக்காக எந்த நிறுவனம் எந்த வேலைக்கு என்ன சம்பளம் காட்டியது என்பதை அமெரிக்கத் தொழிலாளர் துறையே வெளியிடுகிறது. இவற்றைப் பார்த்துவிட்டுப் பேச உட்காருங்கள். வேலைக் கடிதம் வந்து, கையெழுத்துப் போடாமல் இருக்கும் அந்தச் சில நாள்தான் உங்கள் பேச்சுக்கு மதிப்பு அதிகம். அடிப்படைச் சம்பளம் நகராவிட்டால் பங்குகளைக் கேளுங்கள்.

நேர்காணல் எடுக்கும் மூத்தவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது ஓர் இளைஞரின் விண்ணப்பத்தை வாங்கிப் படித்து, எந்த வரி எடுபடும், எது எடுபடாது என்று தயவுசெய்து சொல்லிக் கொடுங்கள்.