கொடைமடமும் கணக்கும்

(ஆரப்பாளையத்தில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு)

  

1. வழக்கு

கொடுப்பவன் கணக்குப் பார்க்கலாமா? இந்த வழக்கை என்னோடு பல ஆண்டுகளாக நடத்திவரும் பேராசிரியர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுடைய சாட்சி, குளிரில் நடுங்கும் என்று மயிலுக்குப் போர்வை தந்த சங்ககால வள்ளல் பேகன். புலவர் பரணர் அவனுடைய கொடைமடத்தை, அதாவது கணக்குப் பாராமல் கொடுக்கும் பேதைமையை, புகழ்ந்தார். கணக்கு நுழைந்தால் கருணை வெளியேறும் என்பது இவர்கள் கட்சி.

அதே பேகன் மனைவி கண்ணகியைப் பிரிந்திருந்தான். அவளுக்கு இரங்கச் சொல்லிக் கபிலரும் பரணரும் அரிசில்கிழாரும் பெருங்குன்றூர்கிழாரும் பாடவேண்டியிருந்தது. நீ அவளிடம் போவதே நான் கேட்கும் பரிசில் என்கிறார், புகழ்ந்த அதே பரணர். எதிரே நின்ற மயிலின் குளிர் அவனுக்குத் தெரிந்தது. வீட்டில் இருந்தவளின் துயரம் தெரியவில்லை. இரக்கம் கண்ணில் பட்டதைக் காணும். படாததைக் காணக் கணக்கு வேண்டும். என் கட்சி இவ்வளவுதான்.

2. வராதவர்கள்

சங்க காலம் தூரம் என்பவர்கள் வைகையின் அக்கரைக்கு வாருங்கள். அரசுப் பணியில் 58 வயதில் ஓய்வுபெற்ற, முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன டாக்டர் ஜி. வெங்கடசாமி, 1976-இல் 11 படுக்கைகளோடு மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

இலவசம் என்றால் ஊரே திரளும் என்பது நம் நம்பிக்கை. மருத்துவமனை நடத்திய இலவச முகாம்களில் சோதனைக்கு வந்தார்கள். கண்புரை அறுவைக்கு வரச் சொன்னால் பலர் வரவில்லை. வந்தவர்களை எண்ணிப் பூரித்திருந்தால் அது கொடைமடம். மருத்துவமனையோ வராதவர்களிடம் காரணம் கேட்டது. பஸ்ஸுக்குக் காசில்லை. சாப்பாட்டுக்கு வழியில்லை. துணைக்கு வருபவரின் கூலி போகும். கத்தி என்றால் பயம். பிறகு முகாமிலிருந்தே வண்டியில் அழைத்துவந்து, சோறு போட்டு, அறுவை முடித்து, ஊரில் கொண்டுவிட்டார்கள். மருத்துவர் கண்ணுக்குச் சில்லறையாகத் தெரிந்த பஸ் காசு, கிழவிக்கு மலையாக இருந்திருக்கிறது.

அடுத்தது நேரக் கணக்கு. ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசை. ஒருவருக்கு அறுவை நடக்கும்போதே அடுத்தவர் தயாராகிவிடுவார். பிறகு பணக் கணக்கு. கட்டணம் தருவோர் பணத்தில் தர முடியாதோர் செலவும் அடங்கியது. கடைசியாக, அறுவையின்போது கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ். வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டாது, ஏழைக்குத் தடித்த கண்ணாடி போதும் என்றிருந்த காலத்தில், 1992-இல் அரவிந்தின் ஆரோலேப் மதுரையிலேயே லென்ஸ் செய்யத் தொடங்கியது. விலை பத்தில் ஒரு பங்களவுக்கு இறங்கியது.

இது தொழிற்சாலை போலிருக்கிறதே என்றார் ஒரு நண்பர். கண் தெரிந்த கிழவியிடம் போய் அந்தக் குறையைச் சொல்லிப் பாருங்கள்.

3. குறள்

கணக்கோடு கொடுப்பது வள்ளுவருக்கும் உடன்பாடுதான்: அளவறிந்து ஈயச் சொல்லும் குறள், ஈகை அதிகாரத்தில் இல்லை, தன் வலிமையை அளந்தறியச் சொல்லும் வலியறிதலில் இருக்கிறது. 

4. இனி

கோயில் அன்னதானம், கல்வி உதவித்தொகை இரண்டையும் இப்படி வராதவர்களைக் கணக்கிட்டு ஆராயலாம்.  மணி அடித்துவிட்டார்கள். இளைய ஆய்வாளர்களுக்கு ஒரே வேண்டுகோள்: அடுத்த சித்திரைத் திருவிழாவில் நீர்மோர்ப் பந்தலுக்கு வந்தவர்களை எண்ணாதீர்கள், அதைப் பந்தல்காரர்களே எண்ணிக்கொள்வார்கள். தாகம் இருந்தும் வராமல் போனவர்களை எண்ணுங்கள்.