மலையேறும் குடும்பத்தார்க்குச் சில சொற்கள்

(நம் சங்கத்தின் தாம்பரம் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கோடை அணுகுகின்றது. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம், பெருங்களத்தூர் முதலிய ஊர்களில் வாழும் நம்மவர் இல்லங்களில் இந்நாளில் ஓர் ஆலோசனை நிகழ்வதுண்டு. பள்ளி விடுமுறையில் எந்த மலைக்குச் செல்வது என்பதே அது. இளையோர் உதகை என்பர். வேறு சிலர் கொடைக்கானல் என்பர். பேச்சு முற்றும் நேரத்தில், 'நீங்கள் போய் வாருங்கள். நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்' என்று பாட்டியார் சொல்வார். அச்சொல்லை அவரது விருப்பமென்று கொண்டு ஏனையோர் புறப்பட்டு விடுகின்றனர். அஃது அவரது விருப்பமன்று. நாம் வகுத்த திட்டத்தில் அவருக்கு இடமில்லாமையை அவர் அறிந்து கூறிய சொல்லே அது. அக்குறையை நீக்கும் வழி யாதென்பதையே யாம் இன்று சொல்லப் புகுந்தோம்.

திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அவை அரசர்க்கு உரைத்தவையேனும் அம்முறை இல்லறத்தார்க்கும் ஏற்றதே. வலி முன்னும், காலம் அதன் பின்னும், இடம் இறுதியிலும் வைக்கப்பட்டிருத்தலைக் காண்க. நாமோ இடத்தை முதலிற் குறித்துக்கொண்டு, காலத்தை அதற்கு இசைவித்து, வலியைப் பற்றி வழியில் எண்ணுகின்றோம். முறை தலைகீழாதலின் துன்பமும் உடன் வருகின்றது.

முதற்கண் வலியைப் பார்ப்போம். குடும்பத்தின் வலி என்பது அதன் இளைஞனது வலியன்று. மூத்தாரும் குழந்தையும் தாங்கவல்லது எவ்வளவோ அவ்வளவே. பாட்டனார் எத்தனை படி ஏறுவார், எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பார், எத்தனை நாழிகைக்கு ஒருமுறை கழிப்பறை நாடுவார் என்பவற்றை நாணமின்றிக் கேட்டறிதல் வேண்டும். உதகை கடல்மட்டத்தினின்று ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தது. அங்கே காற்றின் அழுத்தம் நம் ஊரினும் கால்பங்கு அளவிற்குக் குறைவு. ஏற்காடு 1,515 மீட்டர். அங்குக் குறைவு ஆறில் ஒரு பங்கே. உடல்நலமுள்ளார்க்கு இவ்வேறுபாடு பெரிதன்று. இருதய நோயும் இரைப்பும் உடையார்க்கோ இது பொருட்படுத்தத் தக்கது. அன்னோர் புறப்படுமுன் தம் மருத்துவரைக் கண்டு கேட்டல் வேண்டும். மருந்துகளை இரண்டு நாளைக்கு மிகுதியாகவே கைப்பையிற் கொள்ளுதல் வேண்டும்.

இனிக் காலம். மே மாதத்தில் உதகையில் மலர்க் காட்சியும் குன்னூரிற் பழக் காட்சியும் நிகழ்தலின் கூட்டம் அளவிறந்தது. உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் பெறும் முறை வந்தது. 2025ஆம் ஆண்டுக் கோடையில் நாள்தோறும் நுழையும் வண்டிகளின் தொகைக்கும் வரம்பு கட்டினர். ஆதலின் புறப்படுமுன் அப்போதைய விதியை விசாரித்தறிக. சனி ஞாயிறுகளை நீக்கித் திங்கள் முதல் வியாழன் வரை தங்குதல் நன்று. ஐப்பசி கார்த்திகை மழையில் மலைச்சரிவு உண்டாகி நீலகிரி மலைப்பாதையில் புகைவண்டி நின்றுவிடுதல் அடிக்கடி நிகழ்வது. மூத்தாருடன் அக்காலத்துச் செல்லுதல் தகாது.

முன்பதிவைப் பற்றியும் இங்கே உரைத்தல் வேண்டும். 2024 நவம்பர் முதல் புகைவண்டி முன்பதிவுக் காலம் 60 நாளாயிற்று. ஒரு சீட்டில் அறுவர்க்கே இடமுண்டு. 60 வயது நிரம்பிய ஆடவர்க்கும் 45 வயது நிரம்பிய பெண்டிர்க்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. ஆயின் அவர் தனியராகவோ இருவராகவோ ஒரு சீட்டிற் பதிந்தாலே அவ்வொதுக்கீடு கிட்டும். குடும்பத்தார் அறுவரையும் ஒரே சீட்டிற் சேர்த்துப் பதிந்தால் தாத்தாவுக்கு மேற்படுக்கை வந்து வாய்த்தலும் கூடும். ஆதலின் மூத்தோர் இருவர்க்கும் தனிச்சீட்டு எடுத்துவிடுக. அது பிரிவினையன்று; அவர்க்குச் செய்யும் உபசாரமே. மூத்தோர்க்குரிய கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டமையின் அதனை நம்பிச் செலவுக் கணக்கு எழுதற்க.

இனி இடம். தென்சென்னைப் புறநகரத்தார்க்கு வாய்ப்பான மலைகள் மூன்று. அவற்றை ஊரின் புகழால் அளவாமல், நம் வாயிலிலிருந்து தங்கும் இடத்தின் வாயில் வரை உள்ள வழியால் அளந்து பார்ப்போம்.

ஏற்காடு முதலாவது. விருத்தாசலம் வழியாகச் சேலம் செல்லும் இரவு வண்டியில் தாம்பரத்திலேயே ஏறலாம், விடியலிற் சேலம். அங்கிருந்து மலைவழி 30 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்டது. கொண்டைஊசி வளைவுகள் 20. ஏறக்குறைய ஒரு மணி நேரத்து ஏற்றம். குளிர் மிதமானது. ஏரியும் பூங்காவும் ஊர் நடுவிலேயே உள்ளன. எண்பது கடந்தாரும் கைக்குழந்தையும் உள்ள குடும்பத்தார் முதன்முறை மலையேறுவதாயின் ஏற்காடே தக்கது. அதனை 'ஏழைகளின் ஊட்டி' என்று இகழ்வாருமுளர். மூத்தாரை உடன்கொண்டு சென்றவர் அவ்வாறு இகழார்.

கொடைக்கானல் இரண்டாவது. மதுரை செல்லும் பாண்டியன் விரைவு வண்டி தாம்பரத்தில் நின்று செல்வது. கொடைக்கானல் ரோடு நிலையத்தில் இறங்கலாம். இரவு வழி எளிது. ஆனால் அங்கிருந்து மலையுச்சி சேர 80 கிலோமீட்டர் வளைவு வழி; மூன்று மணி நேரம் செல்லும். வளைவுகளில் வாந்தியுறும் பிள்ளைகட்கு இது கடினம். மேலே சென்றபின் ஓர் ஆறுதல் உண்டு. 1863இல் லெவிஞ்சு துரை அமைத்த ஏரியைச் சுற்றியுள்ள சாலை பெரும்பாலும் சமதளம். முழங்கால் வலியுள்ளாரும் மெல்ல நடக்கலாம். வழியைத் தாங்கவல்லார்க்கு ஊர் நல்லதே.

நீலகிரி மூன்றாவது. நீலகிரி விரைவு வண்டி சென்னை சென்ட்ரலிலிருந்து இரவு ஒன்பது மணிக்குமேற் புறப்படுவது. நம்மவர்க்கு முதல் இடர் இங்கே. மின்வண்டியில் பார்க் நிலையம் சென்று, மூட்டைகளோடு படியேறி இறங்கிச் சென்ட்ரல் சேர்தல் மூத்தார்க்குப் பெருந்துன்பம். அவர்க்கு வாடகைக் கார் அமர்த்துக. அல்லது விமான நிலையத்தில் மெட்ரோ ஏறுக. அங்கு மின்தூக்கி உண்டு.

மறுநாட் காலை மேட்டுப்பாளையம். அங்கிருந்து ஏழு மணியளவிற் புறப்படும் மலைப் புகைவண்டியை அறியாதார் இலர். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் உதகை வரையும் அமைந்தது. 46 கிலோமீட்டர் நீளமும், 208 வளைவுகளும், 16 குகைவழிகளும், 250 பாலங்களும் உடையது. கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களின் நடுவே பற்சட்டம் கிடக்கும். என்ஜினின் பற்சக்கரம் அதனைக் கவ்வி ஏறும். சுவிட்சர்லாந்து நாட்டு அப்ட் என்னும் பொறியாளர் கண்ட முறை இது. 2005இல் யுனெஸ்கோ இவ்வழியை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

இத்துணைப் பெருமையும் உண்மையே. ஆயினும் உதகை சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம் செல்லும். பெட்டியிற் கழிப்பறை இல்லை. வண்டி நிற்கும் நிலையங்களையே நம்பியிருத்தல் வேண்டும். மூத்தாரை இதில் ஏற்றி உட்கார வைத்தல் அன்பாகாது. யாம் கூறும் ஏற்பாடு வேறு. இளையோர் பல்வழி வண்டியில் ஏறுக. மூத்தார் மேட்டுப்பாளையத்தில் இளைப்பாறி, உணவு கொண்டு, காரில் குன்னூர் சேர்க. எல்லாரும் குன்னூரிலேயே தங்குக. பிறிதொரு நாள் குன்னூரிலிருந்து உதகைக்கு அனைவரும் சேர்ந்து புகைவண்டியிற் செல்க. வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாகச் செல்லும் அப்பகுதி ஒன்றேகால் மணி நேர வழியே. தாத்தாவும் பேரனும் ஒரே சன்னலருகே அமர்ந்து பார்க்கலாம். குன்னூர் ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரமேயாதலின் குளிரும் உதகையினுங் குறைவு. அங்கும் மேடு பள்ளம் மிகுதி. ஆகவே மேற்குன்னூரில் சிம்ஸ் பூங்காவை அடுத்து ஜாகை பார்த்தல் நன்று.

எவ்வூராயினும் ஜாகை ஒன்றே இருத்தல் வேண்டும். நாளுக்கோர் ஊர் மாறுவது இளைஞர்க்கு உற்சாகம். மூத்தார்க்கு நாள்தோறும் மூட்டை கட்டும் வேலை. தரைத்தளத்து அறை, வாயில் வரை வண்டி வரும் வழி, வெந்நீர், மேனாட்டு முறைக் கழிப்பறை, கஞ்சி வைக்க ஓர் அடுப்பு ஆகியவற்றைப் பணம் செலுத்துமுன் வினவுக. காலையில் எல்லாரும் ஓரிடம் செல்க. நண்பகலுக்குப்பின் மூத்தார் இளைப்பாற, இளையோர் தொட்டபெட்டா முதலிய இடங்களுக்குச் செல்க. மாலையில் எல்லாரும் ஒன்றுகூடி உண்க.

மலையில் ஓட்டும் வண்டிக்கு அவ்வழி பழகிய ஓட்டுநரை அமர்த்துக. இரவில் ஏறற்க. இறங்குங்கால் தாழ்ந்த கியரில் இறங்குக. ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுக. பன்னிருவர் செல்லும் வேன் ஒன்றை இரண்டு சிறு குடும்பத்தார் சேர்ந்து அமர்த்தினால் செலவு பாதியாகும். நம் சங்கத்தில் மக்கள் அயலூரில் வாழத் தனித்திருக்கும் பெரியோர் பலர். அன்னோரில் ஒருவரேனும் அவ்வேனில் இடம்பெறுவாராயின் சங்கம் என்னும் பெயர் பொருளுடைத்தாகும்.

அன்பர்களே! முன்னாளில் கூட்டுக் குடும்பம் ஒரு கூரையின்கீழ் வாழ்ந்தது. இன்று மூன்று தலைமுறையும் ஒருங்கிருக்கும் நாள்கள் ஆண்டிற் சிலவே. அச்சில நாளையும் மூத்தாரை விட்டுச் செலவிடுவோமாயின், நம் பிள்ளைகள் மலையைக் கண்டும் குடும்பத்தைக் காணாதவராவர். ஆதலின் இவ்வாண்டு ஆலோசனையைப் பாட்டியாரிடமிருந்தே தொடங்குக. அவர் ஏறவல்ல மலையே நம் மலை. அவரும் உடன்வர எல்லீரும் இனிது சென்று நலமே மீள்க.