இணை நின்று வென்றவர்



இறகுப்பந்தில் ஒற்றையர் ஆட்டக்காரரையே உலகம் பெரிதும் கொண்டாடும். நான் பேச எடுத்துக்கொண்டவரோ இரட்டையர் ஆட்டத்தில் பெயர் நாட்டிய தென்கொரியர் பார்க் ஜூ-போங். 1985 இல் கால்கரியில் நடைபெற்ற உலகப் போட்டியில் கிம் மூன்-சூவுடன் ஆடவர் பட்டத்தையும், யூ சாங்-ஹீ அம்மையாருடன் கலப்பு இரட்டையர் பட்டத்தையும் வென்றார். 1991 இலும் இவ்விரண்டும் அவருக்கே. கலப்பு ஆட்டத்தில் இணை மட்டும் சுங் மியுங்-ஹீ. இணை மாறியும் வெற்றி மாறாததைக் கவனிக்க வேண்டுகிறேன். இவ்வாட்டத்தில் தம் பக்கத்தை மட்டும் காப்பவர் வெல்ல இயலாது. இணையாளர் வலையருகே விரைந்தால், அவர் விட்ட இடத்தை நொடியில் நிரப்ப வேண்டும்.

1992 இல் பார்சிலோனாவில் இறகுப்பந்து முதன்முறையாக ஒலிம்பிக் பதக்க விளையாட்டாயிற்று. பார்க்கும் கிம்மும் தங்கம் வென்றனர். கிம்மின் பெயரை இன்று பலர் அறியார். பதக்கம் இருவருக்கும் ஒன்றே.

ஓய்வு பெற்றிருந்தவர், 1996 அட்லாண்டாவில் கலப்பு இரட்டையர் சேர்க்கப்படவே, ரா கியுங்-மின்னுடன் மீண்டும் களமிறங்கினார். இறுதியில் தம் நாட்டு இணையிடமே தோற்று வெள்ளி பெற்றார். அத்தோல்வியை நான் குறைவாக எண்ணுவதில்லை.

பின்னர் 2004 இல் ஜப்பானியரின் பயிற்றுநரானார். 2016 ரியோ ஒலிம்பிக் மகளிர் இறுதியில், மூன்றாம் சுற்றில் 16–19 எனப் பின்தங்கிய அவருடைய மாணவியர் மத்சுதோமோவும் தகாஹாஷியும் தொடர்ந்து ஐந்து புள்ளிகள் எடுத்து வென்றனர். இறகுப்பந்தில் ஜப்பானின் முதல் ஒலிம்பிக் தங்கம் அது.