சீமெந்தில் அடைபட்ட நஞ்சு



வேண்டாத பொருளை எரித்தோ மக்கவைத்தோ ஒழிப்பது நம் வழக்கம். ஈயம், கட்மியம், குரோமியம் ஆகியவை மூலகங்களாதலின், எரித்தாலும் அழியா, புதைத்தாலும் மக்கா. ஆகவே, தொழிற்சாலைக் கழிவிலுள்ள இந்நஞ்சுகளைச் சீமெந்தினுள் அடைத்துவைக்கும் முறையை அறிஞர் கண்டனர்.

கழிவுச் சேற்றுடன் சீமெந்தும் நீரும் சேரும்போது, சீமெந்தின் காரத்தன்மையால் உலோகம் எளிதிற் கரையாத ஐதரொட்சைட்டாக மாறுகின்றது. பின்னர்க் கலவை இறுகிக் கல்லாகி, அதனைத் தன்னுள் அடக்கிக்கொள்கின்றது. எனினும் அளவறிந்து கலத்தல் வேண்டும். காரம் மிகுந்தால் ஈயம் மீண்டும் கரையும். அறுவலுக் குரோமியத்தையோ முன்னதாகவே இரும்புச் சல்பேற்றினால் மூவலுக் குரோமியமாக மாற்றுதல் அவசியம்.

இறுகிய கல்லை நொறுக்கி, அமிலக் கரைசலில் 18 மணி நேரம் சுழற்றிச் சோதிப்பது அமெரிக்க நாட்டு விதி. அக்கரைசலில் ஈயம் லீற்றருக்கு 5 மில்லிகிராமை எட்டலாகாது.

சோதனையில் தேறிய கல்லுக்கும் காவல் வேண்டும். தாய்லாந்தின் தாக் மாகாணத்தில், துத்தநாக ஆலையொன்றின் கட்மியக் கழிவு சீமெந்து கலந்து புதைக்கப்பட்டிருந்தது. அதில் 13,000 தொன்னுக்கு மேற்பட்டது தோண்டியெடுக்கப்பட்டு, சமுத் சாக்கோன் முதலிய இடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டமை 2024 ஏப்ரலில் வெளிப்பட்டது. மக்கள் அஞ்சினர், கழிவைத் திரும்பவும் தாக்கிற்கே அனுப்ப நேர்ந்தது. அங்கே தவறியது காவலே.

சீமெந்து நஞ்சை அழிப்பதில்லை, அடக்கியே வைக்கின்றது. ஆதலால், எவ்விடத்தில் எது புதைந்துள்ளது என்பதை எழுதிவைத்து, அவ்விடத்தைக் காத்து, அடுத்த தலைமுறைக்கும் அறிவித்தல் புதைத்தவர் கடனாகும்.