மதில் பூச்சு ஏன் வெடிக்கிறது?



புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிப் பழைய தெருக்கள் இருக்கின்றன. அங்கே உயரமான மதில்களைப் பார்க்கலாம். மதிலுக்குப் பின்னால் தோட்டம் இருக்கும். காகிதப்பூக் கொடி மதிலைத் தாண்டித் தெருவில் தொங்கும். இந்த மதில்களில் பல, நூறு வருடங்களுக்கு முன்பு கட்டியவை. செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டினார்கள். மேலே பூசியதும் சுண்ணாம்புக் காரைதான். அந்தக் காலத்தில் சிமெண்ட் எளிதில் கிடைக்காது. குஜராத்தில் உள்ள போர்பந்தரில் 1914-இல்தான் சிமெண்ட் ஆலை வேலையைத் தொடங்கியது.

இன்று இந்த மதில்களில் பூச்சு வெடிக்கிறது. உப்பிக்கொண்டு வருகிறது. பாளம் பாளமாக விழுகிறது. வீட்டுக்காரர் ஒரு மூட்டை சிமெண்ட் வாங்கி ஒட்டுப் போடுகிறார். அடுத்த மழைக்கு அதுவும் விழுகிறது.

"கொத்தனாரே, போன தை மாசந்தானே பூசினீங்க? மறுபடியும் பேந்து விழுதே?"

"நல்ல சிமெண்ட்தாம்மா போட்டேன். தூக்கலாவே போட்டேன். உங்க சுவர்லதான் ஏதோ கோளாறு."

இந்தப் பேச்சைப் பல வீடுகளில் கேட்கலாம். கொத்தனார் பொய் சொல்லவில்லை. நல்ல சிமெண்ட்தான் போட்டார். ஆனால் பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டைத் தூக்கலாகப் போட்டதுதான் கோளாறு.

அது எப்படி?

பழைய மதிலுக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது. விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிறது அல்லவா? அதுபோலச் செங்கல் தரையில் உள்ள ஈரத்தை மேலே இழுக்கும். கடலோர மண்ணில் உப்பு உண்டு. ஈரத்தோடு உப்பும் ஏறும். சுண்ணாம்புப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் நிறைய இருக்கின்றன. ஈரம் அந்தத் துளைகள் வழியாக வெளியே வந்து வெயிலில் காய்ந்துவிடும். சுவர் மூச்சு விடுகிறது என்று பழைய கொத்தனார்கள் சொல்வது இதைத்தான்.

அதன் மேல் கெட்டியான சிமெண்ட் பூசினால் வழி அடைபடுகிறது. ஈரம் உள்ளேயே தங்குகிறது. முன்பு முழங்கால் உயரம் ஏறிய ஈரம் இப்போது இடுப்பு உயரம் ஏறும். உப்பு, பூச்சுக்குப் பின்னால் சேர்ந்து கல்லாக இறுகும். அது பூச்சை வெளியே தள்ளும். பழைய செங்கல்லும் பொடிப் பொடியாக உதிரும். இன்னொன்றும் உண்டு. வெயிலுக்குச் சுவர் கொஞ்சம் விரியும். இரவில் சுருங்கும். சுண்ணாம்பு அதற்கு வளைந்து கொடுக்கும். சிமெண்ட் கொடுக்காது. அதனால் வெடிக்கிறது. வெடிப்பு வழியாக மழைநீர் உள்ளே போகும். போன நீர் வெளியே வராது.

புதுச்சேரியில் ஐப்பசி, கார்த்திகையில்தான் அடைமழை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அத்தனை தண்ணீரையும் ஒரு பழைய மதில் தாங்க வேண்டும். மதிலை விடுங்கள். கடற்கரைச் சாலையில் இருந்த மேரி என்ற பழைய நகர மண்டபமே 2014 நவம்பரில் மழையில் இடிந்து விழுந்தது. அது 1870-களின் தொடக்கத்தில் கட்டிய சுண்ணாம்புக் கட்டடம். பல காலம் பழுது பார்க்காமல் கிடந்தது. 2021-இல் பழைய தோற்றத்திலேயே புதிதாகக் கட்டி முடித்தார்கள்.

எல்லா வெடிப்பும் ஒன்றல்ல. சிலந்தி வலை போல மெல்லிய கோடுகள் பரவியிருந்தால், பூச்சு சீக்கிரம் காய்ந்துவிட்டது என்று பொருள். பயப்பட வேண்டாம். ஒரு கட்டையால் தட்டும்போது காலிப் பானை போலச் சத்தம் வந்தால், பூச்சு செங்கல்லை விட்டு விலகிவிட்டது. அதை எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும்.

செங்கல் இணைப்பு வழியாகப் படிக்கட்டுப் போல ஏறும் விரிசல் வேறு வகை. சுவர் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதும் அப்படித்தான். அது பூச்சில் உள்ள பழுது அல்ல. அடித்தளம் இறங்கியிருக்கலாம். மரத்தின் வேர் தள்ளியிருக்கலாம். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். கோட்டைத் தாண்டி விரிசல் வளர்ந்தால் பொறியாளரைக் கூப்பிட வேண்டும். அதன் மேல் பூசி மறைப்பது ஆபத்து. விரிசல் மறையும். சாய்வு நிற்காது.

2019 ஜூன் 29 அன்று புனே நகரின் கோந்துவா பகுதியில் மழையில் ஒரு சுற்றுச்சுவர் சரிந்தது. அதை ஒட்டிக் கட்டட வேலையாட்களின் குடிசைகள் இருந்தன. 15 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் அருகே நடூரில் ஓர் உயரமான மதில் வீடுகள் மேல் விழுந்தது. 17 பேர் இறந்தார்கள். மதிலை எழுப்பியவர் ஒருவர். அதன் அடியில் தூங்கியவர் வேறொருவர். சாய்ந்த மதிலுக்கு அருகே மழைக்காலத்தில் யாரும் படுக்கக் கூடாது. பிள்ளைகள் விளையாடக் கூடாது. வீட்டுக்காரர் கேட்கவில்லை என்றால் நகராட்சிக்கோ, பஞ்சாயத்துக்கோ, ஆட்சியர் அலுவலகத்துக்கோ மனு எழுதிக் கொடுக்கலாம். கொடுத்த மனுவுக்கு ரசீது கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

இனி பூச்சு வேலைக்கு வருவோம். கரணையைக் கையில் எடுக்கும் முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் மதிலின் தலையிலிருந்துதான் வரும். தலையில் கல்லோ ஓடோ உடைந்திருக்கும். அரசங்கன்று முளைத்திருக்கும். அதை வேரோடு எடுத்து, தலையை முதலில் அடைக்க வேண்டும். அடுத்து, மதிலோரம் குவிந்த மண்ணையும் குப்பையையும் வெட்டி எடுக்க வேண்டும். செடிக்கு ஊற்றும் தண்ணீர் மதிலடியில் தேங்கக் கூடாது. சில மதில்களுக்கு இது மட்டுமே போதும். பாதி நோய் தீர்ந்துவிடும்.

பிறகு தட்டிப் பார்த்து, பொருமிய இடத்தைச் சாக்கட்டியால் வட்டமிட வேண்டும். உளியைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகப் பெயர்க்க வேண்டும். சம்மட்டியால் அடித்தால் நல்ல செங்கல்லும் உடையும். உதிர்ந்த சாந்தை அரை அங்குல ஆழம் சுரண்டி எடுக்க வேண்டும். வெள்ளையாகப் பூத்த உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி எடுக்க வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும்.

சுண்ணாம்பைக் கையாளுவதில் கவனம் வேண்டும். நீற்றாத கல்சுண்ணாம்பு தண்ணீர் பட்டதும் கொதிக்கும். தொட்டியில் முதலில் தண்ணீர் நிரப்பி, அதில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. தெறிக்கும். இந்த வேலையைப் பெரும்பாலும் சித்தாள் பெண்களிடமே விடுகிறார்கள். அவர்களுக்குக் கையுறையும் கண்ணாடியும் கொடுப்பது வேலை கொடுப்பவரின் கடமை. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரை விடாமல் இருபது நிமிடம் ஊற்றிக் கழுவ வேண்டும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நீற்றிய சுண்ணாம்பைச் சலித்து, தண்ணீர் மூடியபடி இரண்டு வாரமாவது ஊற வைக்க வேண்டும். ஊற ஊற வெண்ணெய் போல ஆகும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் சேர்க்கலாம். கடற்கரை மணல் கூடவே கூடாது. அது கைக்கெட்டும் தூரத்தில் சும்மா கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் அதில் உள்ள உப்பு அடுத்த வருடமே பூச்சைப் பெயர்க்கும். ஈரமான இடத்தில் சுர்க்கி என்னும் செங்கல் தூளைக் கொஞ்சம் சேர்த்தால் நன்றாக இறுகும். கடுக்காயையும் வெல்லத்தையும் ஊற வைத்த நீரைச் சேர்ப்பது பழைய வழக்கம். அதன் அளவு கொத்தனாருக்குக் கொத்தனார் மாறும். தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் கேட்டுச் செய்வது நல்லது.

பூசும் முன் சுவரை நனைக்க வேண்டும். சாந்தை வேகமாக வீசிப் பூசினால் நன்றாகப் பிடிக்கும். ஒரே தடவையில் கனமாக அப்பக் கூடாது. அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் முதல் பூச்சு. அது இறுகிய பிறகு இரண்டாம் பூச்சு. சுண்ணாம்பு காற்றை உறிஞ்சித்தான் கல்லாகிறது. அதற்கு நாள் ஆகும். ஒரு வாரத்துக்கு மேல் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு வெயிலை மறைக்க வேண்டும். பொங்கல் கழிந்து பங்குனிக்குள் இந்த வேலையைச் செய்வது வசதி. மழையும் இராது. கத்தரி வெயிலும் இராது.

சிமெண்ட் வேலை மாலைக்குள் முடியும். சுண்ணாம்பு வேலை வாரக் கணக்கில் இழுக்கும். கூலிச் செலவும் கூடும். அதனால்தான் பலர் தயங்குகிறார்கள். ஆனால் வருடா வருடம் ஒட்டுப் போடும் கணக்கையும் கூட்டிப் பார்க்க வேண்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாருக்குப் புதுச்சேரியில் இன்றும் தேவை இருக்கிறது. பழைய வீடுகளைப் புதுப்பிப்பவர்கள் அவர்களைத் தேடுகிறார்கள்.

சிமெண்ட் வைத்துக் கட்டிய புதுச் சுவருக்கு இது பொருந்தாது. அதற்குச் சிமெண்ட் பூச்சே சரி.

கடைசியாக, பூச்சு நன்றாகக் காய்ந்ததும் சுண்ணாம்பு வெள்ளை அடிக்க வேண்டும். பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் திறந்த துளைகள் மறுபடி அடைபடும். முதல் மழை நின்ற மறுநாள் ஒருமுறை தட்டிப் பார்க்க வேண்டும். எங்காவது காலிப் பானைச் சத்தம் கேட்டால் அந்தக் கையகல இடத்தை மட்டும் எடுத்துப் பூசினால் போதும்.