சலங்கையும் சம்கியும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"இன்ஜினியர் வந்திருக்கான், பாலத்தைப் பத்திப் பேசுவான்"னு நினைச்சிருப்பீங்க. திருப்பாலைக்குடிக்காரனான நான் இன்று கரகாட்ட உடையைப் பற்றிப் பேசப் போகிறேன்.

அந்த வெல்வெட் துணியில் ஜரிகை, ஜிகினா, பாசிமணி, சம்கி எல்லாம் இருக்கும். ஒவ்வொரு சம்கியும் ஒரு சிறு கண்ணாடி மாதிரி. நூலில் சற்றுத் தளர்வாக நிற்பதால் ஆட ஆட அதன் கோணம் மாறுகிறது, வெளிச்சத்தைத் திசைக்கொன்றாகத் தெறிக்கிறது. கடைசி வரிசையில் நிற்பவருக்கும் ஆட்டம் தெரிவது இதனால்தான். காலில் கட்டிய சலங்கை, நையாண்டி மேளத்தோடு தாளம் பேசுகிறது. தலையில் கரகம் அசையக் கூடாது, உடலோ நிற்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் இடைஞ்சல் இல்லாமல் உடையைத் தைப்பவரும் ஒரு பொறியாளர்தான்!

மணி நமக்குப் புதிதல்ல. நம் மாவட்டத்து அழகன்குளத்தில் அகழாய்வு செய்தபோது மணிகள் கிடைத்தன. உருகிய கண்ணாடியை உள்ளே துளையுள்ள குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி மணி செய்யும் நுட்பம் அரிக்கமேட்டில் இருந்தது. அந்த வகை மணிகள் கடல் கடந்து தென்கிழக்கு ஆசியா வரை போயின.

பின்னாளில் வெனிஸ் நகரத்தாரும் குழாய் இழுத்துத்தான் மணி செய்தார்கள். அது வணிகர் கைமாறி வட அமெரிக்காவின் ஒஜிப்வே பூர்வகுடிகளிடம் சேர்ந்தது. அவர்களும் வெல்வெட்டில்தான் கொடியும் பூவுமாக மணி கோத்துத் தைத்து, அதை அணிந்து ஆடுகிறார்கள். 1918இல் விஷக் காய்ச்சல் பரவிய காலத்தில், நோயுற்ற மகளுக்காக ஒரு தகப்பன் கனவில் கண்ட உடை என்று இன்னொன்றையும் சொல்கிறார்கள். அதில் வரிசை வரிசையாகத் தகரக் கூம்புகள் தொங்கும், ஆடும்போது சலசலக்கும். பொடி டப்பா மூடியை வளைத்தே அந்தக் கூம்பைச் செய்தார்கள். நம்ம சலங்கைக்கு அது தங்கச்சி முறைதான்!

1883இல் அமெரிக்க அரசு பூர்வகுடிகளின் சடங்கு ஆட்டங்களைக் குற்றம் என்று விதி செய்தது. அப்படியும் அவர்கள் ஆட்டத்தை விடவில்லை. இன்று அந்த உடையை மரியாதையோடு பாதுகாக்கிறார்கள்.

நம்ம ஊரில் தடை ஏதுமில்லை, கேலி இருக்கிறது. ஆடும் பெண்ணின் உடையைப் பார்த்துத்தான் அவர் குணத்தை எடை போடுகிறோம். எனக்குத் தெரிந்த கரகாட்ட அக்கா ஒருவர் சொன்னார்: "துணி, சம்கி, தையக்கூலி எல்லாம் எங்க கைக்காசு தம்பி. சம்பளம் பேசும்போது அதை யாரும் கணக்குல சேர்க்க மாட்டாங்க."

தம்பி தங்கைகளே, கல்லூரி விழாவுக்கு அந்த உடையை வாடகைக்கு எடுத்து நீங்கள் ஆடுகிறீர்கள், சந்தோஷம். அடுத்த ஆண்டு அதை உடுத்திப் பிழைக்கும் கலைஞர்களையே மேடைக்கு அழையுங்கள். சம்பளத்தோடு உடைச் செலவையும் தனியாகக் கொடுங்கள். அதற்கான பணத்தில் என் பங்கை இன்றே சங்கப் பொருளாளரிடம் தருகிறேன். மற்ற நண்பர்களும் சேர்ந்துகொள்ள வேண்டுகிறேன்.